பொய் இருமல்

இந்த மூன்று பேரைப் போல மக்குப் பிளாஸ்திரிகளை மேனேஜர் எங்கேயும் பார்த்ததில்லை.

போக்கர் என்பதே கையிலிருப்பதை மூஞ்சியில் காட்டாமல் ஆடுகிற சீட்டாட்டம். இவர்களோ உதவாத சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றும்போதெல்லாம் தங்களைத் தாங்களே காட்டிக் கொடுத்தார்கள். டெய்லர் இருமினார். பல் டாக்டர் நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்தார். எலெக்ட்ரீஷியன் விசிலடித்தார்.

எதிரே 'எக்ஸ்ரே' அண்ணன். ஒரு காலத்தில் போன இடமெல்லாம் கோப்பையோடு திரும்பியவர். எதிராளியின் முகத்தைப் பார்த்தே கையிலிருக்கும் சீட்டைச் சொல்லிவிடுவார் என்று பேர்.

தன் சீட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டெய்லரே, உன்கிட்ட ஒண்ணுமில்ல. திருப்புய்யா!"

திருப்பினார். ஒன்றுமில்லைதான்.

"எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க!" மூவரும் வாயைப் பிளந்தார்கள். பந்தயமாக வைத்த சட்டைப் பொத்தான்கள் அண்ணன் பக்கம் போயின.

மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜருக்குத் தையல் கடைப் பின்னறையில் இது முதல் ஞாயிற்றுக்கிழமை. 'இந்த இருமலைக் கேட்டா என் மாமியார்கூட ஜெயிப்பாங்களே!'

அடுத்த கை. மேனேஜருக்கு வந்தது குப்பைச் சீட்டு. மூச்சுக்கூட விடாமல் தன் பொத்தான்கள் மொத்தத்தையும் நடுவே தள்ளினார்.

அண்ணன் அவர் பக்கம் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் சீட்டைக் கவிழ்த்தார். "பலமான கை போல. நான் வரலை."

ஜெயித்த மேனேஜர் தன் குப்பையைத் திருப்பிக் காட்டினார். "என்னண்ணே, எக்ஸ்ரே மெஷின் ரிப்பேரா?"

யாரும் சிரிக்கவில்லை. டெய்லர் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்.

"அறிவிருக்கா சார்? அவருக்குக் கண் மங்கி ரெண்டு வருஷம் ஆகுது. உங்க மூஞ்சி எங்க தெரியப்போகுது? இனிமே ஆடவே மாட்டேன்னு வீட்டுல முடங்கிக் கிடந்தாரு. நாங்கதான் இருமி, விசிலடிச்சு, மனுஷனை மறுபடி உட்கார வெச்சிருக்கோம்."

"நீங்க வேணும்னே இருமுறது அவருக்குத் தெரியாதா?"

"இருமலை வெச்சே எங்களைப் பிடிச்சிடுறதா அவருக்கு ஒரே பெருமை. கெடுத்துடாதீங்க சார்."

மேனேஜருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளே போனார். அடுத்த கையிலேயே லொக் லொக்கென்று இருமினார்.

"மேனேஜர் சார்! பொய்தானே?"

"அடேங்கப்பா! எப்படிண்ணே?"

பொத்தான்கள் போயின. அறையே கைதட்டியது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணனை வீட்டில் விடும் வேலையை மேனேஜரே கேட்டு வாங்கிக்கொண்டார். தெருமுனை திரும்பியதும், அவர் தோளைப் பிடித்து நடந்துகொண்டிருந்த அண்ணன் மெல்லச் சொன்னார்.

"தம்பி, முதல்ல என்னைக் கவுத்தீங்களே, அது ஆட்டம்! அப்புறம் இருமினது கொஞ்சம் ஓவர்."

மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணே... உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணுதான்யா போச்சு. நிஜ இருமல் எது, பொய் இருமல் எதுன்னு தெரியலைன்னா நான் என்ன ஆட்டக்காரன்? முதல் நாளே தெரிஞ்சு போச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்ககிட்ட மட்டும் உளறிடாதீங்க. என்னை ஏமாத்துறோம்னு எவ்வளவு குஷியா இருக்காங்க, பாவம்!"