இடது புருவம்

“இது மனுஷ மூஞ்சியா? பூசணிக்காய்க்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி.

ஓவியர் ரப்பரை எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேலதிகாரியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முகமும் சொதப்பினால் வேலைக்கே உலை.

“காது ஏன் கழுத்துல தொங்குது? மேல ஏத்துங்க. ரெண்டு புருவமும் ஒரே அச்சா இருந்தா உயிர் எப்படி வரும்? இடது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி விடுங்க.”

அழித்து அழித்து வரைந்தார். கடைசியில் காகிதத்தில் நிஜமாகவே ஓர் ஆள் முழித்துக்கொண்டிருந்தான்.

மனைவியின் முகம் வெளுத்தது. “பழையபடியே மாத்திடுங்க. பூசணிக்காயே லட்சணமா இருந்துச்சு.”

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி உள்ளே வந்தான். படத்தைப் பார்த்ததும் அவனது இடது புருவம் உயர்ந்தது.

“அட, அசல் நானேதான். அக்கா பேச்சைக் கேக்காதீங்க மாமா, ஒரு கோடு கூட மாத்தாதீங்க. என்னை எப்பப் பாத்து வரைஞ்சீங்க?”

ஓவியர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன்னைப் பாத்து வரையல மாப்ளே. செயினைப் பறிகொடுத்த ஒரு அம்மா சொன்ன அடையாளம். காலையில போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டணும். அவங்க சொல்ல மறந்த புருவத்தை மட்டும் உங்கக்கா சொல்லிக் கொடுத்தா.”