ஈரத் துணி

"காலையிலேர்ந்து குழந்தை ஒரு தடவைகூட ஒண்ணுக்குப் போகலை. மூணாவது டோஸை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்" என்றார் டாக்டர் ராஜகோபால்.

தாம்பரத்தில் அந்த நர்சிங் ஹோமில், சிசேரியன் ஆகி மூன்றாம் நாள், கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் படுத்திருந்த காமுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏழாம் மாதமே பிறந்துவிட்ட பிள்ளை. எடை ஒன்றேகால் கிலோ. பக்கத்துக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய், இதயத்துக்குப் பக்கத்தில், இன்னும் திறந்தே கிடந்தது. அதை மூட மூன்று டோஸ் மருந்து. பெரியவர்கள் மூட்டுவலிக்கு விழுங்குகிற அதே கேப்ஸ்யூல்தான்; பிரித்துக் கடுகளவு கொடுப்பார்கள். இரண்டு டோஸில் மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது.

ஆனால் அந்த மருந்து கிட்னியில் கை வைத்தால் ஆபத்து. அதற்காகத்தான் ஈரத் துணிக் கணக்கு. ஆயா துணியை மாற்றி அறைக்கு வெளியே இருக்கிற வாளியில் போடுவாள், நர்ஸ் வேதசிரோமணி மத்தியானம் வந்து எண்ணுவாள்.

இன்று வாளி காலி. ஆயாவும் டூட்டி முடிந்து போய்விட்டாள்.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று காமுவின் புருஷன் மாணிக்கவேல் கேட்டான்.

"குழாய் மூடலைன்னா ஆபரேஷன்தான். இந்த எடையில அது..." டாக்டர் முடிக்கவில்லை.

காமுவுக்கு யார்மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது. வராந்தா பெஞ்சில் மாணிக்கவேலின் அக்கா முத்தாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். பல்லாவரத்தில் மீன் விற்கிறவள். மீன் தொட்ட கையோடு பிள்ளையிடம் வரக் கூடாது என்று முதல் நாளே காமு கறாராகச் சொல்லிவிட்டாள். முத்தாலம்மாள் அப்போதே அந்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"மூணு நாளா சும்மா உக்காந்திருக்காங்க. கண்ணாடி வழியாக்கூட எட்டிப் பார்க்கலை. பாசம் இருக்கிறவங்க இப்படியா இருப்பாங்க?" என்றாள் காமு, வராந்தாவுக்குக் கேட்கும்படியாகவே.

முத்தாலம்மாள் எழுந்து வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"புள்ள ஒண்ணுக்குப் போச்சு சார். காத்தாலேந்து நாலு தபா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாளில கெடந்த துணிய இன்னிக்கு நாந்தான் தொவச்சேன். பின்னால கொடில காயுது. எண்றதுக்கு வெச்சுகீறாங்கன்னு தெரியாது சார்."

நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது அழுக்குத் துணி இல்லம்மா. அந்தக் குழந்தையோட ரிப்போர்ட்!"

டாக்டர் கையமர்த்தினார். "நாலும் நனைஞ்சிருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மீனு விக்கிற மூக்கு சார், ஏமாறாது. ஒவ்வொண்ணா மோந்து பாத்துட்டுதான் தொவச்சேன்."

டாக்டர் கண்ணாடி அறைக்குள் போய்க் குழந்தையைப் பார்த்தார். இப்போது கட்டியிருந்த துணியும் நனைந்திருந்தது. மூன்றாவது டோஸைக் கொடுக்கச் சொன்னார். காமு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்த டாக்டருக்கு ஒரு சந்தேகம். "ஆமா, அழுக்குத் துணியை யாராவது மோந்து பார்ப்பாங்களா?"

முத்தாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"புள்ளய கிட்டக்க வுடல சார். அத்தோட வாசனையாவது பாத்துக்கலாம்னுதான்."