நண்டு வளையின் வாசல்

அந்தக் குளத்தில் ஆண்டுக்கொரு முறை நெடுநடைப் போட்டி நடக்கும். பொழுது விடிந்தது முதல் சாயும் வரை கரையைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். நடுவில் ஒதுங்கினால் ஆட்டம் முடிந்தது. இந்த முறை ஒரு நண்டு பெயர் கொடுத்திருந்தாள்.

"பக்கவாட்டுல நடக்கிறவளுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றான் கரையோரத் தவளை.

"நேரா நடக்கிறவங்க என்னத்தைக் கிழிச்சாங்க அண்ணே? போன தடவை ஒருத்தர்கூட முடிக்கலையே."

அவள் பயிற்சி தவளைக்குப் புரியவேயில்லை. உச்சி வெயிலில், பசியோடு, தன் வளை வாசலையே திரும்பத் திரும்பக் கடந்துகொண்டிருந்தாள்.

"தூரமாப் போய் நடக்காம, வீட்டு வாசல்ல என்ன வேலை?"

"காலெல்லாம் பழகிடுச்சு அண்ணே. இந்த வாசல்தான் ஒவ்வொரு சுத்துலயும் உள்ள வான்னு கூப்பிடுது."

தவளை சிரித்தான். மறுநாளும் அவள் நடந்தாள், அதற்கடுத்த நாளும். அவன் சிரிப்பு எப்போது நின்றதென்று அவனுக்கே தெரியாது.

போட்டியன்று மாலைக்குள் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். நண்டு மட்டும் ஓடு காய்ந்து, ஒரு கால் இழுபட நடந்து வந்தாள். அவள் கண்கள் வளைப் பக்கமே திரும்புவதைத் தவளை பார்த்தான். ஒரே தாவலில் போய் வளைக்குள் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொண்டான்.

நண்டின் கால் அவன் மூக்கில் பட்டது.

"இங்க ஆள் இருக்கு. அப்புறமா வா."

"என் வீட்டு வாசல்ல உனக்கென்ன வேலை?" என்று கத்திவிட்டு அவள் நகர்ந்தாள். அவள் திட்டுவது எதிர்க்கரையிலிருந்தும் கேட்டது. பொழுது சாயும் வரை தவளை அசையவில்லை.