இன்னொரு ரவுண்டு

“அவளையே ஓட்டச் சொல்லுங்க. இங்கயே, இந்த ஒர்க்‌ஷாப் வாசல்லயே. எல்லாரும் பாக்கட்டும்” என்றாள் மாமியார்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வீட்டில் போன மானம் போதாதென்று இங்கே வேறு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா?

மூன்று மாதமாக இதே கூத்துதான். அவள் ஓட்டினால் கார் நடுரோட்டில் பொசுக்கென்று அணைந்துவிடும். புருஷன் எடுத்தால் சொன்ன பேச்சு கேட்டு ஓடும். பேட்டரி மாற்றியாயிற்று. பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று. ஏதோ ஒரு சென்சாரையும் மாற்றியாயிற்று. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால், ஒரு கோளாறும் இல்லை என்கிறது.

“மிஷினே சொல்லிடுச்சு. கோளாறு வண்டியில இல்ல, ஓட்டுற ஆள்கிட்ட” என்றான் புருஷன். “இன்னைக்கும் ஒண்ணும் கிடைக்கலைன்னா சாவி என்கிட்டயே இருக்கட்டும்.”

நாளைக் காலையில் அவள் வேலையில் சேர வேண்டும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொடுக்கிற வேலை. ஏழு வருஷம் அலைந்து கிடைத்தது. கார் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

இந்த மூன்று மாதத்தில் மாமியார் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள், அதுவும் இந்த லட்சணத்தில்.

“விடும்மா, நான்தான் ஓட்டிக் காமிச்சேனே” என்றான் மகன்.

“நீ ஓட்டினா நிக்காதுன்னுதான் தெரியுமே. சாவியை அவகிட்டக் கொடுடா.”

மெக்கானிக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஆறடி ஆள். மாமியார் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கிட்ட இருந்து வேடிக்கை பார்க்கத்தான் என்று மருமகள் மனசுக்குள் கறுவினாள்.

வழக்கம்போல சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னால் இழுத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அவளுக்குப் பிரேக் எட்டாது.

முற்றத்தைச் சுற்றி, வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கி ஒரு ரவுண்டு. கார் சமர்த்தாக வந்தது.

“இன்னொரு ரவுண்டு” என்றாள் மாமியார்.

அதுவும் ஒழுங்காகத்தான் வந்தது.

“இன்னொரு ரவுண்டு.”

விடமாட்டாள் போலிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கியது. பொசுக்.

யாரோ சிரித்தார்கள். புருஷன் கையை விரித்தான். “பாத்தீங்கல்ல?”

“எதையும் தொடாதீங்க” என்றார் மெக்கானிக். சாவியைத் திருப்பிக் காதைத் தீட்டிக்கொண்டார். “புது பம்ப்பு. சாவியைத் திருப்பினா ‘உய்ங்’னு சத்தம் வரணும். வரல. கரண்ட் போகல. மேடம், கொஞ்சம் இறங்குங்க.”

அவர் குரலே மாறிவிட்டது. அவள் இடத்தில் உட்காரப் பார்த்தார். கால் நுழையவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். உய்ங். கார் கிளம்பிவிட்டது.

“இதென்னடா கொடுமை. நான் ஒண்ணுமே பண்ணலையே” என்றார்.

மருமகள் அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சீட்டு” என்றாள். “அண்ணா, சீட்டை என் அளவுக்கு இழுத்துட்டு ஓட்டுங்க.”

ஆறடி ஆள் முழங்கால் மோவாயில் இடிக்க, பொட்டலமாக மடங்கி ஓட்டினார். வேகத்தடையில் ஏறியதும் கார் நின்றது. சீட்டைத் தள்ளினார், கிளம்பியது. மறுபடி இழுத்துக்கொண்டு போனார், நின்றது. அதற்குள் ஒர்க்‌ஷாப்பே போட்ட வேலையைப் போட்டபடி கூடிவிட்டது. “இழுங்க, இழுங்க” என்று ஒருத்தர், “இப்பத் தள்ளுங்க” என்று இன்னொருத்தர். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தரைவிரிப்பைத் தூக்கி டார்ச் அடித்தார்கள். பம்ப்புக்குப் போகிற ஒயர் ஒரு இடத்தில் நசுங்கித் தோலுரிந்து கிடந்தது.

“சீட்டு முன்னால வந்தா, அதோட இரும்பு இதை நசுக்குது. குலுங்கினா கரண்ட் கட்டு. உங்க வீட்டுக்காரர் நெட்டை, அவருக்கு ஜென்மத்துக்கும் இது வராது. மேடம், கண்டுபிடிச்சது நீங்கதான். நாங்க கண்டதையும் மாத்திக்கிட்டு இருந்தோம்.”

புதிய ஒயர் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சீட்டை முன்னால் இழுத்து வைத்து, பத்து தடவை வேகத்தடையில் ஏற்றி இறக்கினார்கள். கார் ஒரு தடவைகூட அணையவில்லை.

புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

மாமியார் இப்போது முன்னால், அவள் பக்கத்தில். ரோட்டுக்கு வந்ததும் மருமகளுக்கு மனசு கேட்கவில்லை.

“அத்தை, தப்பா நினைச்சுட்டேன். நாலு பேர் முன்னாடி நான் அசிங்கப்படணும்னுதான் ரவுண்டு மேல ரவுண்டு ஓட விடுறீங்கன்னு...”

“நினைச்சிருப்பே” என்றாள் மாமியார், ரோட்டைப் பார்த்தபடி. பிறகு ஸ்டியரிங் பக்கம் கையைக் காட்டினாள்.

“கல்யாணமான புதுசுல நானும் ஓட்டினவதான். என் கையில கார் ரெண்டு தடவை நின்னுச்சு. எனக்கு ஓட்டத் தெரியலைன்னு உங்க மாமா சாவியை வாங்கி வெச்சுக்கிட்டார்.”

பின்சீட்டில் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

“எனக்காக யாரும் இன்னொரு ரவுண்டு கேக்கலம்மா” என்றாள் மாமியார்.