சைவத் தெருவில் ஒரு சுக்கா

பூங்கோதை குடியிருந்த வீட்டு வாசலில் மோப்பக்கருவி சிவப்பாக எரிந்தது. சைவத் தெருவில் எல்லா வாடகை வீட்டிலும் அது உண்டு. கறி வாடை பிடித்தால் தெருச் சங்கத்துக்குத் தகவல் போய்விடும். அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் கோமதிநாயகம் இறங்கி வந்தார். அவள் வாணலியைத் திறந்து காட்டினாள். கடைக்காக அவள் செய்யும் சுக்காவுக்கு, சோயாவும் பலாக்காயும் மிளகு மசாலாவில் வதங்கிக் கிடந்தன.

“எல்லாம் செடியில வந்ததுதான் அண்ணாச்சி. நான் பாலு, நெய்யிகூடத் தொடமாட்டேன்.”

அவர் ஒரு துண்டை எடுத்து விண்டு பார்த்தார்.

“நான் நம்புதேம்மா. கருவி நம்பலையே, நான் என்ன செய்ய?”

சாயங்காலம் அவளுடைய பாத்திரங்கள் வண்டியில் ஏறின. கோமதிநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய், தன் கையாலேயே நுரை பொங்கக் காபி ஆற்றி எடுத்துவந்தார். டம்ளர் வாசலைத் தாண்டியபோது கருவி பச்சையாக எரிந்தது.

“வெறும் வயித்தோட போகாதம்மா. கறந்த பாலு, சுத்த சைவம். பயப்படாமக் குடி.”

பூங்கோதை அதை வாங்கிக்கொண்டாள். காபியின் மேல் ஆடை படியும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.