பச்சைச் சான்றிதழ்

இயற்பியல் ஆசிரியர் கருணாகரனுக்கு மனநோய் எதுவும் இல்லை என்று பரிசோதனை எந்திரம் பச்சைச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. அது இப்போது தலைமையாசிரியை புனிதாவின் மேசைமேல் இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவி மதுவந்திக்குக் கருணாகரன் அனுப்பிய நாற்பது செய்திகளின் அச்சுப்பிரதி அதற்கு அடியில் அமுங்கிக் கிடந்தது.

"மெஷின்ல நோய்னு சிவப்பு வந்தாத்தான் மேடம் ஃபைல் நகரும்," என்றார் விசாரணை அதிகாரி துரைப்பாண்டி. "வயசுக்கு வந்த பிள்ளைங்க மேல ஆசை வர்றத மருத்துவம் நோய்னு சொல்லல. மெஷினும் சொல்லல."

"நோயான்னு யாரு சார் கேட்டா? பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார் இப்படி எழுதலாமான்னுதான சட்டம் கேக்குது!"

"அதெல்லாம் மெஷின் வர்றதுக்கு முன்னாடி மேடம்."

துரைப்பாண்டி ஃபைலை மூடிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை கருணாகரன் வகுப்புக்கு வரலாம். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று புனிதாவுக்குத் தெரியவில்லை.

வெளியே வராந்தாவில் மதுவந்தி புத்தகப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். அவளிடம் வாயால் சொல்லத் தெம்பில்லாமல் புனிதா சான்றிதழை நீட்டினார்.

பெண் அதை இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப அவரு நல்ல புத்தியோட, தெரிஞ்சேதான் எனக்கு அதையெல்லாம் எழுதியிருக்காரு," என்றாள். "இதைத்தான மிஸ் நானும் முதல்லருந்து சொல்றேன்?"