மூன்றாவது வரிசை, ஓரச் சீட்டு

மேஜையின் தலைப்பக்கம் அப்பா. அவருக்கு வலப்பக்கம், மடிக்கணினியோடு அத்தான். அவரை ஒட்டி அக்கா. கதவோரம், ஒரு கால் குட்டையான நாற்காலியில் சின்னவன்.

அப்பாவின் முன்னால் ஒரு கடிதம். அவருடைய அலுவலகத்திடம் இணையதளம் செய்யச் சொன்ன நாடக அரங்கத்துக்குப் போக வேண்டியது. 'இனி எங்கள் அலுவலகத்தின் பொறுப்பாளர்' என்பதற்குப் பிறகு ஒரு பெயருக்கு இடம் விட்டிருந்தது.

யார் பெயர் என்று சின்னவனுக்குத் தெரியும். மூன்று வருஷமாக வீட்டில் ஒரே பாட்டுதான்: மாப்பிள்ளை சொன்னா சரியா இருக்கும், மாப்பிள்ளை வரட்டும். பெற்ற பிள்ளை ஒருவன் இருப்பது கரண்ட் போனால்தான் ஞாபகம் வரும்.

அத்தான் திரையைத் திருப்பினார். அரங்கத்தின் முந்நூறு இருக்கைகளும் குட்டிக் கட்டங்களாக விரிந்தன.

"ஒவ்வொரு சீட்டுக்குள்ளயும் ஒரு குறிப்பு கட்டி வச்சிருக்கேன் மாமா. வெளிய தெரியாது. எந்த வரிசை, எந்த நம்பர், தூண் மறைக்குமா, எல்லாம் அதுல இருக்கு. தொட்டா, புரோகிராம் அதைப் படிச்சுச் சொல்லிடும்."

அழகான வேலை. சின்னவனுக்கு வயிறு எரிந்தது.

அப்பா தன் வழக்கமான சீட்டைத் தொட்டார். மூன்றாவது வரிசை, ஓரம். முட்டி மடங்காது, எந்த நாடகத்துக்குப் போனாலும் அவருக்கு அங்கேதான்.

'பதினேழாவது வரிசை. தூண் மறைக்கும்' என்றது திரை.

"என்னைத் தூக்கித் தூணுக்குப் பின்னால போட்டுட்டீங்களே, மாப்பிள்ளை!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றது. வேலையில் பிசகு என்றால் அவர் மருமகன் என்றும் பார்க்க மாட்டார், மகன் என்றும் பார்க்க மாட்டார்.

அத்தான் திரையைத் தன் பக்கம் திருப்பி, அந்தச் சீட்டின் உள்குறிப்பைத் திறந்தார். சின்னவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். வரிசை. நம்பர். தூண். அதற்குக் கீழே நாலாவதாக ஒன்று, சேமிக்கும்போது தானாக விழுவது. காலையில் அவன் கண்ணில் படாதது.

கடைசியாகத் திருத்தியவர்: சின்னவன். இன்று, 8.40.

அத்தான் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியை மூடினார்.

"என் தப்புதான் மாமா. அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்."

அப்பா பேனாவைத் திறந்து காலியிடத்தில் மகனின் பெயரை எழுதினார். அக்கா கணவரின் முழங்கையைத் தொட்டாள். அவர் அசையவில்லை.

சின்னவன் வாயைத் திறந்தான். இப்போதுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்தவனுக்காக இப்படி முகம் சுளிக்காமல் ஒரு பொய் சொல்ல, தன்னால் ஏழு ஜென்மத்துக்கும் ஆகாது என்று தோன்றியது. அதுவும் இந்த மனுஷனுக்குத்தான் வாய்த்திருக்கிறது. வயிறு முன்னைவிட எரிந்தது.

"ஒட்டி அனுப்பிடுடா" என்று அப்பா உறையை நீட்டினார்.

அவன் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, முனை முனையாக அழுத்தி ஒட்டினான். வாசலில் கூரியர்காரர் ரசீதை நீட்டினார். 'அனுப்புபவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

இது தானாக விழாது. பேனாவை வாங்கி, தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தான்.